கீழ்ப்பக்கத்து முட்டுக்கால்

அக்குறணை
24-1-1933

ஸெய்னுலாப்தீன் நானாவுக்கு,

தங்கச்சி கைரியா எழுதுகிறேன். ஸலாம் சொல்வது கடமை. சொல்லிவிட்டேன்.

பெருநாளைக்கென்று நீங்கள் கம்பளையிலிருந்து அனுப்பிய பார்சல் கிடைத்தது. மஸீனாவின் பூச்சட்டையை எடுத்துக்கொண்டேன். தாயில்லாத பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் வேறு குடும்பம் வைத்தாலும், உங்கள் மகளுக்கு உடுப்பு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கு அனுப்பிய வெள்ளைப் புடவையை மட்டும் கொண்டுவந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையைப் பறிகொடுத்து நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறவளுக்கு வெள்ளை வேண்டும் என்று ஞாபகம் வைத்திருந்தீர்கள். அவளை இத்தாவில் உட்காரவைத்தது யார் கட்டிய பாலம் என்பது ஞாபகம் வரவில்லை போலும்.

மரண விசாரணையில் நீங்கள் சொன்னதை எனக்கு வந்து சொன்னார்கள். "மஹ்மூத் மச்சான் மாட்டுக் கரத்தையில் அளவுக்கு மிஞ்சி ஓடு ஏற்றினார். அதனால் பாலம் முறிந்தது." செத்தவர் எழும்பி வந்து மறுக்கமாட்டார் என்ற தைரியம். இப்போது பள்ளிவாசல் வாசலில் நின்று, பேராசைக்காரன் மாட்டையும் கொன்று தானும் செத்தான் என்று பேசுகிறார்களாம்.

இதற்காக எழுதவில்லை. பிள்ளைகளைப் பற்றி எழுத வந்தேன்.

பாலம் விழுந்த நாளிலிருந்து பின்வளவுப் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டே கிடையாது. தண்ணீர் ஓடுகிற கானுக்குக் குறுக்கே மூங்கில் சீவலால் பாலம் கட்டுகிறார்கள், கல் வைக்கிறார்கள், விழுந்ததும் கத்துகிறார்கள். நேற்று மஸீனா ஒன்று கட்டினாள். உத்தரம் இரண்டு, மேலே பலகை, கரையிலிருந்து சாய்வாக முட்டுக்கால். மேல்பக்கம் மட்டும்தான் முட்டுக்கால் வைத்தாள். தண்ணீர் வடிகிற கீழ்ப்பக்கம் வெறுமை. அடுத்த வீட்டு ஹபீல், "அந்தப் பக்கமும் வெய்யி" என்றான். அதற்கு உங்கள் மகள் சொன்னாள்: "இது வாப்பாட பாலம். வாப்பாட பாலத்துல இந்தப் பக்கம் கால் இல்ல. நான் தேத்தண்ணி கொண்டு போய்க் கொடுத்துட்டுக் கீழ இருந்து பாத்தன்தானே."

நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கைரியா

*

கம்பளை
31-1-1933

அன்புள்ள தங்கச்சி கைரியாவுக்கு நானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளும் அதுவுமாக உன் கடிதம் வந்தது. வாசித்துவிட்டுச் சோறு இறங்கவில்லை. உன் துக்கம் எனக்கு விளங்காமல் இல்லை. மச்சானின் ஜனாஸாவைத் தோளில் சுமந்தவன் நான். கபுறுக்குள் இறங்கி அவரை வைத்தவனும் நான்தான். அப்படிப்பட்ட என்னை நீ இப்படி எழுதலாமா?

பத்து வயதுப் பிள்ளை மூங்கில் சீவலை வைத்து விளையாடியதைப் பெரிய சாட்சியமாக எடுத்துக்கொள்கிறாய். மூங்கில் பாலம் எங்கே, பலாமர உத்தரம் எங்கே? மரவேலை என்பது பெண்கள் ஜன்னலில் நின்று அறிகிற காரியம் இல்லை. பாரம் கூடியது, விழுந்தது. அல்லாஹ்வின் நாட்டம்.

இன்னொரு விஷயம். அதே இடத்தில் புதுப்பாலம் போடக் கொந்தராத்து விடப்போகிறார்கள். அந்த வேலையை எனக்குத் தரும்படி கேட்டிருக்கிறேன். ஊருக்கு நல்ல பாலம் ஒன்று கட்டித் தரவேண்டும் என்பது என் எண்ணம். இந்த நேரத்தில் உன் வாயிலிருந்து இப்படிப் பேச்சு வெளியே போனால் கெடுவது என் பெயர் மட்டும் இல்லை. நாளைக்கு மஸீனாவைப் பெண் கேட்டு வருகிறவர்களும் இதையெல்லாம் விசாரிப்பார்கள்.

அந்த விளையாட்டை நிறுத்து. பிள்ளைகளுக்கு ஓதக் கொடு.

உன் நானா
ஸெய்னுலாப்தீன்

*

அக்குறணை
19-2-1933

நானாவுக்கு, ஸலாம்.

விளையாட்டை நிறுத்திவிட்டேன். இப்போது அது வேலை.

ஓதி முடித்ததும் பிள்ளைகள் என் பின்விறாந்தைக்கு வருகிறார்கள். மஸீனா, ரபீகா, ஹபீல், இன்னும் சில வாண்டுகள். இரண்டு செங்கல்லைக் கரையாக வைத்துப் பாலம் கட்டுகிறோம். ஹபீல் தென்னம்மட்டையில் ஒரு சின்னக் கரத்தை செய்து தந்தான். அதில் உடைந்த ஓட்டுத் துண்டுகளை ஏற்றி நூலால் இழுக்கிறோம்.

முதலில் ஒன்றும் சரிவரவில்லை. கட்டினதெல்லாம் கண்டபடி விழுந்தது. முடிச்சு அவிழ்ந்து விழுந்ததா, சீவல் காய்ந்து விழுந்ததா என்று தெரியாமல் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். ஹபீல் தன் பாலம் மட்டும் நிற்கவேண்டும் என்று களவாக நூலை இரட்டையாய்க் கட்டியிருந்தான். ரபீகா கண்டுபிடித்து அவன் தலையில் குட்டினாள். அதன் பிறகு ஒரு சட்டம் போட்டேன். ஒரே மூங்கிலிலிருந்து சீவவேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றவேண்டும். மற்றதெல்லாம் முன்பு இருந்தபடியே இருக்கவேண்டும்.

வாப்பா உங்களுக்கு மட்டும் எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை, நானா. எனக்கும்தான் சொல்லிக் கொடுத்தார். யோசிக்கவும் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது கேளுங்கள். இரண்டு பக்கமும் முட்டுக்கால் வைத்த பாலம் நன்றாகத் தாங்குகிறது. அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் உத்தரம் நடுவில் முறிந்து கீழே தொய்கிறது. மஸீனா சொன்னபடி கட்டின பாலத்தில் பாரம் கொஞ்சம்தான் ஏற்றினோம். கரத்தை நடுவுக்கு வரும்போதே அது கால் இல்லாத பக்கம் புரண்டது. உத்தரம் முறியவில்லை, கரத்தையைக் கவிழ்த்துவிட்டு முழுசாகக் கிடந்தது. எத்தனை தரம் செய்தாலும் அப்படியேதான்.

அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கினவர்களிடம் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். கரத்தை கீழ்ப்பக்கம் கவிழ்ந்து கிடந்ததாம். உத்தரம் இரண்டும் முழுசாகக் கிடந்தனவாம். அடுத்த நாளே உங்கள் ஆட்கள் வந்து மரமெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

உங்கள் பாலம் முறியவில்லை. பிறகு எப்படி அவர் பாரத்தால் முறித்தார்?

கைரியா

*

கம்பளை
28-2-1933

கைரியாவுக்கு,

இத்தாவில் இருக்கிற பெண் திரைக்குப் பின்னால் இருந்து அந்நிய ஆண்களை விசாரிக்கிறாள். வெட்கம் என்பது அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டதா? இத்தா முடிந்ததும் வந்து மஸீனாவைக் கூட்டிக்கொண்டு போவேன். உன்னிடம் விட்டது என் பிழை.

நீ என்னை இந்த அளவுக்கு இழுத்துவிட்டாய். ஆகையால் இவ்வளவு நாள் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்கிறேன். கீழ்ப்பக்கத்து மரம் ஆலையிலிருந்து வர முந்தி மழை தொடங்கிவிட்டது. ஆற்றில் இறங்கிக் கடக்கிற பழைய இடமும் மூழ்கிவிட்டது. பாலத்தைத் திற, திற என்று என் கழுத்தில் நின்றது யார் தெரியுமா? உன் மாப்பிள்ளை. "ஒரு பக்கம்தானே இல்ல மச்சான், மழை விட்டதும் வெச்சிக்குவோம். என்ட கரத்தை சும்மா நிக்கிது" என்றார். கால் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஏற்றினார்.

இதை நான் விசாரணையில் சொல்லவில்லை. உனக்காகத்தான் சொல்லவில்லை.

ஸெய்னுலாப்தீன்

*

அக்குறணை
9-3-1933

நானாவுக்கு,

அவர் அப்படிச் சொன்னாரா இல்லையா என்று கேட்க அவர் இல்லை. அவர் இல்லாதபடியால்தான் நீங்கள் அதை எழுதுகிறீர்கள். சொல்லியே இருந்தாலும், பாலம் கட்டுகிறவர் நீங்களா அவரா? பசித்தவன் வேகாத சோற்றைக் கேட்டால் போட்டுவிடுவீர்களா?

எனக்காகச் சொல்லவில்லையாம்! சொல்லியிருந்தால் கால் வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வந்திருக்கும்.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். பயப்படவேண்டாம், ஒருவருக்கும் காட்டவில்லை. உங்கள் எழுத்தை வைத்து உங்களை விழுத்த எனக்கு ஆசை இல்லை. ஊர் தன் கண்ணால் பார்க்கவேண்டும். எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கவேண்டும்.

புதுப்பாலத்துக்கு இடம் பார்க்கக் கண்டியிலிருந்து எஞ்சினியர் சுந்தரலிங்கம் என்பவர் இம்மாதக் கடைசியில் வருகிறாராம். அதற்குள் என் இத்தாவும் முடிந்துவிடும். பிள்ளைகள் பாலம் கட்டியிருக்கிறார்கள், ஐயா ஒருதரம் பார்க்கவேண்டும் என்று ஊர்த் தலைவர் ஆராச்சியிடம் சொல்லி அனுப்பினேன். ஆராச்சி சிரித்துவிட்டு, கூட்டிவருகிறேன் என்றாராம். பெரியவர்களுக்குப் பிள்ளைகளின் வேலை என்றால் ஒரு பிரியம்.

நீங்களும் வாருங்கள். முன்வரிசையில் கதிரை போட்டு வைக்கிறேன். கரத்தையை இழுக்கப்போவது மஸீனா.

கைரியா

*

கம்பளை
16-3-1933

அன்புத் தங்கச்சிக்கு,

கோபத்தில் எழுதியதை மன்னித்துக்கொள். உனக்கு என்ன வேண்டும்? மச்சானின் பெயரில் கத்தம் ஓதி ஊருக்குச் சோறு கொடுக்கிறேன். மச்சான் மேல் பிழை இல்லை, பிழையாக விளங்கிவிட்டது என்று பள்ளிவாசல் லெப்பையிடம் நானே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அவர் அதை அறிவிக்கட்டும். புதுப்பாலமும் எனக்கு வேண்டாம், யாராவது கட்டட்டும்.

எஞ்சினியருக்கு முன்னால் மட்டும் வேண்டாம். அதுவும் முடியாதென்றால், வேறு பிள்ளையை வைத்துச் செய். ஹபீல் இழுக்கட்டும். மஸீனாவை மட்டும் விட்டுவிடு.

அவள் அறியாத பிள்ளை. அவளுக்கு அது விளையாட்டு. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவள் கையால் செய்யவைக்காதே. உன்னைக் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நானா

*

அக்குறணை
1-4-1933

நானாவுக்கு,

நேற்று நடந்ததை நான் எழுதாவிட்டாலும் உங்கள் காதுக்கு வரும். இருந்தாலும் என் கையால் எழுதவேண்டும் என்று ஆசை.

உங்களுக்குப் போட்ட கதிரை சும்மா கிடந்தது. மற்றதெல்லாம் நிறைந்துவிட்டது. எஞ்சினியர் வந்தார், ஆராச்சி வந்தார், பள்ளிவாசல் வாசலில் நின்று பேசுகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். நான் முக்காட்டோடு கதவடியில் நின்றேன்.

முதலில் முழுப்பாலம். ரபீகா இழுத்தாள். ஓட்டுத் துண்டு ஏற்ற ஏற்ற நின்றது. எஞ்சினியர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் கரத்தையில் வைத்தார். அதற்கும் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மஸீனா தன் பாலத்தைக் கொண்டுவந்து செங்கல்லில் வைத்தாள். நீங்கள் அனுப்பிய பூச்சட்டைதான் போட்டிருந்தாள். பாதிப் பாரத்தோடு இழுத்தாள். கரத்தை நடுவுக்கு வந்தது, பாலம் கீழ்ப்பக்கம் புரண்டது. அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கினவர்களில் ஒருவர், "யா அல்லாஹ், இப்பிடித்தானே கிடந்திச்சி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

எஞ்சினியர் குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இந்தப் பக்கம் ஏன் கால் வைக்கேல்லை? மறந்து போனீரோ?" என்று கேட்டார்.

"மறக்கல்ல சேர். வாப்பாட பாலத்துல இருக்கல்ல. நான் கீழ இருந்து பாத்தன்."

"ஆர் உம்மடை வாப்பா?"

அவள் உங்கள் பெயரைச் சொன்னாள். பெருமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் கைதட்டவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள். "மாமி, அப்ப மாமா விழுந்தது..." என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. இல்லை மகள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஆம் என்று தலையை ஆட்டினேன்.

எஞ்சினியர் நேரே ஆற்றுக்குப் போனார். கரைக்கல்லில் முட்டுக்கால் செருகக் குழி வெட்டியிருக்கிறது அல்லவா? மேல்பக்கத்துக் குழிகளில் உடைந்த மரம் இன்னும் இருக்கிறது. கீழ்ப்பக்கத்துக் குழிகளில் ஒரு தும்புகூட இல்லை. ஒன்றில் குளவி கூடு கட்டியிருந்தது. "இந்த ஆளிட்டை இனி ஒரு பலகைகூடக் குடுக்கக்கூடாது" என்று ஆராச்சியிடம் சொன்னாராம். விசாரணையை மறுபடி எடுக்க எழுதுவாராம். நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு, நீங்கள் சொல்லித் தராமலே, லெப்பை என் மாப்பிள்ளைக்காகத் துஆக் கேட்டார். பேராசைக்காரன் என்று சொன்ன வாய்களெல்லாம் ஆமீன் சொல்லியிருக்கின்றன.

நான் நினைத்தது எல்லாம் நடந்தது.

மஸீனா இரவு சாப்பிடவில்லை. காலையில் எழும்பித் தன் பாலத்தைப் பிரித்துச் சீவல்களை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தாள். நான் தடுக்கவில்லை.

கைரியா

*

கம்பளை
27-4-1933

கைரியாவுக்கு,

நீ வென்றாய். கொந்தராத்து போய்விட்டது, என் பெயரும் போய்விட்டது. விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போவேன். இவையெல்லாம் என்னால் தாங்கக்கூடியவை.

என் மகளை உன்னிடமிருந்து இழுத்துக்கொண்டு வந்த அன்று நீ கதவைச் சாத்திக்கொண்டாய். உன்னை அழவைத்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைக்கவில்லை. அந்தச் சந்தோஷம் கட்டுகஸ்தோட்டை வரைக்கும்தான்.

பஸ் பாலத்தில் ஏற முந்தி அவள் என் கையைப் பிடித்து, "வாப்பா, இறங்குங்க" என்றாள். வாந்தி வருகிறதாக்கும் என்று மணியடித்து இறங்கினேன். அவளும் இறங்கினாள். கரையோரம் போய் நின்றுகொண்டு, "நீங்க முன்னுக்குப் போங்க வாப்பா. நான் இங்க ஈக்கிறேன். நீங்க அங்கால போய்ச் சேந்ததும் வாறன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? யானை போகிற பாலம் இது. வா பஸ்ஸுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கத்தவில்லை, அழவுமில்லை. தந்திக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பஸ்காரன் பார்த்துப் பார்த்து எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டான். சந்திக் கடைகளில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் தனியே பாலத்தில் நடந்து போனேன். அக்கரைக்குப் போனதும் அவள் பின்னால் ஓடி வந்தாள். பேராதெனியாப் பாலத்திலும் அப்படியே.

இங்கே வந்தும் மாறவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகக் கம்பளைப் பாலம் கடக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் நான் முன்னே போகிறேன், அவள் கரையில் நிற்கிறாள். வீட்டு வாசல் கானுக்குப் போட்ட பலகையில்கூட நான்தான் முதலில் கால் வைக்கவேண்டும். என் பெண்சாதி கூப்பிட்டால் அவளோடு ஒட்டிக்கொண்டு போகிறாள். நான் கூப்பிட்டால் மட்டும்தான் இப்படி. மற்றபடி ஒரு குறையும் இல்லை. சாப்பிடுகிறாள், ஓதுகிறாள், வாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அடித்துப் பார்த்தேன். அடியை வாங்கிக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். பிறகு அடிக்கவில்லை.

நீதான் அவளை என்மேல் ஏவிவிட்டாய். நீயே திருப்பி எடு. அவள் நீ சொன்னால் கேட்பாள். 'வாப்பாவோடு போ மகள், பயமில்லை' என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஸெய்னுலாப்தீன்

*

அக்குறணை
6-5-1933

நானாவுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதத்தை முதல்தரம் வாசித்தபோது சிரித்தேன். சத்தம் வரச் சிரித்தேன். சந்திக் கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தனியே நடந்துபோவது கண்ணுக்குள் தெரிந்தது. இந்த நாட்களெல்லாம் தொழுதுவிட்டு நான் கேட்டதும் அதுதான். நீங்கள் காலை வைக்கிற ஒவ்வொரு பாலத்திலும் உங்கள் நெஞ்சு நடுங்கவேண்டும்.

இரண்டாம்தரம் வாசித்தபோது கரையில் நிற்கிற பிள்ளை தெரிந்தாள். சிரிப்பு வரவில்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதை உங்களிடம் சொல்லி இறக்கிவைக்க நான் தயாரில்லை.

புதுப்பாலத்துக்கு மாத்தளைப்பக்கத்து ஆட்கள் வந்து வேலை தொடங்கியிருக்கிறார்கள். ஹபீலும் ரபீகாவும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான். கீழே குந்தியிருந்து முட்டுக்கால்களை எண்ணுகிறார்களாம். வேலைக்காரர்கள் துரத்தத் துரத்தத் திரும்பி வருகிறார்களாம். மஸீனா எப்போது வருவாள் என்று என்னைக் கேட்கிறார்கள்.

நீங்கள் கேட்ட வரியை எழுதமாட்டேன். பழிக்காக இல்லை என்று சொன்னால் பொய். பழியும் உண்டு. உங்களை நான் பொறுத்துக்கொள்ளவில்லை, நாளைக்கும் பொறுக்கமாட்டேன், மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டாம். ஆனால் அந்த வரியை எழுதாததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பயமில்லை என்று நான் எழுதினால் அவள் நம்பிவிடுவாள். பெரியவர்கள் சொன்னதை நம்பி அவள் ஒருதரம் கரத்தையை இழுத்தாள், போதும்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்களை வேண்டாம் என்று விட்ட பிள்ளை, நீங்கள் அக்கரை சேரும்வரை வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருக்காது. தன் பாட்டில் வேறு வழியால் போய்விடும். உங்கள் மச்சான் கரத்தையைப் பாலத்தில் ஏற்றின அன்று இந்தக் கரையில் நின்று பார்க்க அவருக்கு ஓர் ஆளும் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறாள்.

அதனால் நடவுங்கள் நானா. ஒவ்வொரு நாளும் நடவுங்கள். அவள் போதும் என்று சொல்கிறவரை நடவுங்கள். இது அவள் கொடுத்த தீர்ப்பு. குறைக்கவும் கூட்டவும் எனக்கு அதிகாரம் இல்லை.

அக்கரை சேர்ந்ததும் திரும்பிப் பாருங்கள். கைகாட்டவேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். அவளாக வரட்டும்.

கைரியா